பன்னிரண்டாயிரமும் பதினாலாம் நம்பர் வண்டியும்

மெக்கானிக் தன் மனைவியின் அண்ணனுக்குப் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். பட்டது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். கொடுக்க வக்கில்லாமல் நின்ற கடன் இல்லை அது. வாங்கிக்கொள்ள ஆள் சம்மதிக்காமல் நின்ற கடன்.

மெக்கானிக்கை லேசாக நினைத்துவிடக் கூடாது. படிப்பு ஆறாம் வகுப்பு. கையெழுத்துப் போடும்போது நாக்கு நுனி கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அது வேறு விஷயம். ஆனால் இன்றைக்கு அவர் பட்டறையில் நாலு வண்டி ஒரே நேரத்தில் நிற்கும். ஏழு பேர் மாதம் பிறந்தால் அவர் கையால் சம்பளம் வாங்குகிறார்கள். தெருவில் அவருக்குப் பெயர் ‘காது’. ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, வேறொரு வண்டிக்கு அடியில் படுத்தபடி, “மூணாவது பிளக் போச்சு, எடுத்து வைங்கடா” என்பார். வண்டிக்காரர் உள்ளே வந்து என்ன கோளாறு என்று வாயைத் திறப்பதற்குள் பிளக் தயாராக இருக்கும். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டரை மாட்டி இரண்டு நாள் பார்த்தும் பிடிபடாத சத்தத்தை, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, ஒரே நிமிஷத்தில் பிடித்தவர். பட்டம் வாங்கிய பையன்கள் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“இது ஒத்தைக் கையால கட்டின பட்டறை” என்று அவர் சொல்வார். சொல்ல உரிமை உள்ளவர்தான். ஆனால் எந்த விசேஷத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலும், பக்கத்து நாற்காலியில் இருந்து மச்சான் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்.

“அன்னிக்கு நான் ரேஸுக்குப் போயிருந்தா, இன்னிக்கு மாப்ளைக்குப் பட்டறை ஏது?”

எல்லோரும் சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரிப்பார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேச மாட்டார்.

மச்சான் பாங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவருக்குக் கார் ரேஸ் பைத்தியம். ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேரோடு பெரிய ரேஸுக்குப் போவதற்காக மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சமயம் தங்கை வந்து எதிரில் நின்றாள். புருஷனுக்குக் கைமாறிய பழைய கம்ப்ரெஸர் ஒன்று மலிவாக வருகிறது, கடை வாடகை மூன்று மாதம் முன்பணம் கேட்கிறார்கள் என்றாள். கேஷியர் அலமாரியைத் திறந்து மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். சிநேகிதர்கள் போய்வந்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கி வந்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடனைத் தீர்க்க மெக்கானிக் மூன்று தடவை படையெடுத்தார். எட்டாம் வருஷம் புது நோட்டாக மாற்றிக் கவரில் போட்டு நேராக வீட்டுக்கே போனார். “வெச்சுக்க மாப்ளே. நீ எங்க ஓடிடப் போற” என்று கேஷியர் டிவி பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த தடவை பாங்குக்குப் போய், கேஷியரின் கவுண்டர் வரிசையிலேயே நின்று, கேஷியரின் கணக்கிலேயே கட்டச் சொல்லிச் சீட்டை நீட்டினார். கேஷியர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சீட்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “அடுத்தவங்க வாங்க” என்றார். மூன்றாவது தடவை, மச்சான் கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தலையணை உறைக்குள் செருகிவிட்டு வந்தார். மறுநாள் அந்தக் கவர், மனைவி அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன டப்பாவின் அடித்தட்டில் எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பியது.

அதனால்தான் இந்த வருஷம் அந்தப் பெரிய ரேஸுக்கு அவரே இரண்டு டிக்கெட் வாங்கினார். பழைய கடனில் பாதிக்கு மேல் அந்த இரண்டு டிக்கெட்டுக்கே போனது. போகட்டும். ரேஸுக்காக வைத்திருந்த காசு ரேஸ் மைதானத்திலேயே கைமாறினால் மச்சானால் மறுக்க முடியாது என்பது அவர் கணக்கு.

புறப்படும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள். “ரேஸை மட்டும் பாத்துட்டு வாங்க. காசுப் பேச்சை எடுத்து எங்கண்ணன் மூஞ்சியை வாட வெக்காதீங்க.”

“காசா? என்ன காசு?” என்றார் மெக்கானிக். சட்டையின் உள்பையில், ஊசி குத்திய கவருக்குள், ஐந்நூறு நோட்டு இருபத்துநாலு இருந்தது.

கேஷியரின் காரில்தான் போனார்கள். வயது இருபத்திரண்டு ஆன கார். ஓட்டியது மெக்கானிக். மைதானத்துக்கு மூன்று மைல் இருக்கும்போதே சாலை அடைத்துக்கொண்டது. முன்னால் பஸ், பின்னால் பஸ், நடுவில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு மணி நேரம். மெக்கானிக்கின் இடது முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை சட்டைப் பைக்குப் போய்வந்தது.

“நெஞ்சு வலியா?” என்றார் கேஷியர்.

“இல்லியே.”

“அப்ப ஏன் தடவித் தடவிப் பாக்கற?”

“சட்டை புதுசு. குத்துது.”

கேஷியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் நோட்டுக் கட்டுகளோடு பழகியவருக்குச் சட்டைக்குள் இருப்பது என்னவென்று தெரியாதா என்ன.

புல்வெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அங்கிருந்து அரை மணி நேர நடை. மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். பையைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பிடுங்கிக்கொண்டு பாட்டிலை மட்டும் கொடுத்தார்கள். மூடி இல்லாத பாட்டிலைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு கேஷியர் நடந்த நடையைப் பார்த்து மெக்கானிக்கே சிரித்துவிட்டார்.

நுழைவாயிலை ஒட்டி ஒரு பெண் காதில் வைக்கும் பஞ்சடைப்பு விற்றுக்கொண்டிருந்தாள். கேஷியர் இரண்டு ஜோடி கேட்டார்.

“எனக்கு வேணாம்” என்றார் மெக்கானிக்.

“வெச்சுக்கங்க பெரியவரே. உள்ள போனாதான் தெரியும்” என்றாள் அவள்.

“முப்பத்தொரு வருஷமா இந்தக் காதுலதாம்மா சோறு திங்கறேன். காதை அடைச்சிக்கிட்டு ரேஸ் பாக்கணும்னா வீட்ல டிவியே போதும்.”

“வாயால திங்கறவங்களும் இருக்காங்க” என்று சொல்லி அவள் ஒரு ஜோடிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் டிக்கெட்டுக்கு நாற்காலி கிடையாது. கம்பி வேலிக்கு வெளியே, ஒரு வளைவுக்கு எதிரில், மண்மேடு. எதிர்ப்பக்கம் பெரிய திரை. பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் பாய் விரித்து, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, எந்த வண்டி எத்தனை நொடி முன்னால் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தம் ஐம்பது சுற்று. நீல நிற வண்டி, பதினாலாம் நம்பர், அதுதான் ஜெயிக்கும், வீட்டுக்குப் போகிறவர்கள் இப்போதே போகலாம் என்றார்.

ரேஸ் ஆரம்பித்தது. சத்தம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றுதான் மெக்கானிக் அதுவரை நினைத்திருந்தார். இருபது வண்டி ஒன்றாக வளைவுக்குள் நுழைந்தபோது அது காதுக்குள் வரவில்லை, மார்புக்குள் வந்தது. பல் கிட்டித்தது. பாட்டிலில் இருந்த தண்ணீர் நடுங்கியது. கேஷியர் காதில் பஞ்சோடு, வாய் திறந்தபடி, முப்பத்தொரு வருஷம் பிந்தி வந்தவராக நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் மெக்கானிக்குக் காசுப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை.

உட்கார்ந்தார். எழுந்தார். வேலி வரைக்கும் போனார், திரும்பி வந்தார். வண்டிகள் ஒரு விரல் சொடுக்குக்குள் கண்ணை விட்டுப் போய்விடும், பிறகு ஒன்றரை நிமிஷம் வெற்றுத் தார். திரையில் ஒரு வண்டிக்கு நாலு டயரும் மூன்று நொடியில் மாற்றினார்கள்.

“இருபது பேர் நின்னா என் பட்டறையிலயும் மூணு நொடிதான்” என்றார். தொப்பிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

இருபதாம் சுற்றில்தான் அது கேட்டது. பதினாலாம் நம்பர் வளைவைத் தாண்டும்போது, அந்த அலறலுக்கு நடுவில், ஒரு சின்னத் திக்கல். டக், டடக். இன்னொரு சுற்று காத்திருந்தார். மறுபடியும் டக், டடக். மெக்கானிக்குக் கால் ஆடுவது நின்றது. இது அவருடைய இடம்.

“அந்த நீல வண்டி நிக்கப் போவுது” என்றார். “ஒரு சிலிண்டர் திக்குது.”

“ஐயா, அது அரை நிமிஷம் முன்னாடி போயிட்டிருக்கு” என்றார் தொப்பிக்காரர்.

“அரை நாள் முன்னாடி போவட்டும். முடிக்காது.”

கேஷியர் ஒரு காதின் பஞ்சை எடுத்தார். “என்ன மாப்ளே, இங்கயும் வைத்தியமா? பாவம், அவங்க யாரும் உன்னைக் கூப்பிடல.”

அந்த வார்த்தை மெக்கானிக்கைச் சுட்டது. கவரை எடுத்துக் காட்டினார். “பந்தயம் வெச்சுக்கலாமா மச்சான்? பதினாலு நின்னா, இந்தப் பன்னிரண்டாயிரத்தை நீங்க வாங்கிக்கணும். ரேஸுக்குப் போயிருந்தாங்கிற அந்தப் பேச்சையும் அதோட விட்டுடணும்.”

கேஷியர் கவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நிக்கலைன்னா?”

“நீங்களே சொல்லுங்க.”

“நிக்கலைன்னா நான் இருக்கிற வரைக்கும் நீ இந்தக் கவரைத் தூக்கிட்டு என் முன்னாடி வரக் கூடாது. விசேஷத்துக்கு விசேஷம் நான் சொல்றதைச் சிரிச்சிக்கிட்டுக் கேக்கணும்.”

கை கொடுத்துக்கொண்டார்கள். தொப்பிக்காரர் சாட்சி. கேஷியர் எடுத்த பஞ்சைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மெக்கானிக்குக் காது மட்டும்தான் வேலை. சுற்றுக்குச் சுற்று திக்கல் கூடிக்கொண்டே வந்தது. இருபத்தாறு, இருபத்தெட்டு. நல்லது, சீக்கிரம் நின்றுவிடும். முப்பதாம் சுற்றில் பதினாலுக்குப் பின்னால் வந்த மஞ்சள் வண்டியும் அதே மாதிரி திக்கியது. அட, இதற்கும் வந்துவிட்டதா என்று நினைத்தார். அடுத்து வந்த வெள்ளை வண்டியிலும் டக், டடக். அதற்கடுத்ததிலும். ஒலிபெருக்கியில் பேசிய ஆளின் குரலும் திக்கியது. எல்லா வண்டியும் மறுபக்கம் போய், வளைவு காலியாகி, சுற்றி இருந்தவர்கள் பொட்டலம் பிரிக்கிற நேரத்திலும் அது நிற்கவில்லை. டக், டடக். இடது காதைச் சுண்டுவிரலால் அடைத்துப் பார்த்தார். வெளிச் சத்தம் எல்லாம் அடங்கியது. திக்கல் மட்டும் பளிச்சென்று கேட்டது.

வண்டியில் கோளாறு இல்லை. கோளாறு அவருடைய இடது காதில்.

மெக்கானிக் மெதுவாக உட்கார்ந்தார். உடனே எழுந்தார். கைகழுவும் இடத்துக்குப் போய் காதில் தண்ணீர் விட்டு ஒற்றைக் காலில் குதித்தார். திக்கலோடு இப்போது ஒரு கூவலும் சேர்ந்துகொண்டது. வாயிலுக்கு ஓடிப்போய்ப் பஞ்சு கேட்டார். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். அவருக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. “என்னம்மா?” என்றார். அவள் மறுபடி சொன்னாள். கடைசியில் அவள் காசு வாங்காமலே ஒரு ஜோடியை அவர் கையில் வைத்து, தலையை ஆட்டினாள். நாளைக்குக் காலையில் பட்டறையில் முதல் வண்டி வந்து நிற்கும். ஏழு பேரும் அவர் வாயைப் பார்ப்பார்கள்.

பஞ்சை வைத்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினார். சொல்லிவிடலாமா? சொன்னால் பந்தயம் போச்சு, பெயரும் போச்சு. சொல்லாவிட்டாலும் பதினாலு ஜெயிக்கத்தான் போகிறது. நாற்பது. நாற்பத்துமூன்று. நீல வண்டி கொஞ்சமும் அலுங்காமல் வந்து வந்து போனது. கவரின் ஓரத்தை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார். பாயில் ஐந்து இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டார், தொப்பிக்காரருக்குக் கால் நீட்ட இடமில்லை.

நாற்பத்தேழாம் சுற்றில் முதலில் வந்தது மஞ்சள் வண்டி. அதன் பின் வெள்ளை. பதினாலைக் காணோம். மேட்டில் இருந்த அத்தனை தலையும் திரைப் பக்கம் திரும்பியது. நீல வண்டி புல்லில் சாய்ந்து நின்றது. பின் டயர் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. ஓட்டியவன் இறங்கிக் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தான்.

தொப்பிக்காரர் மெக்கானிக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் அவரோடு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். தூரத்தில் வரும்போதே கோளாறு சொன்ன மனுஷர், சாதாரண ஆள் இல்லை. வாழ்நாளெல்லாம் மெக்கானிக் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. கேட்டதோ அரைகுறையாக.

கேஷியர் காதில் இருந்த பஞ்சு இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். வலது கையை நீட்டினார். கவுண்டரில் உட்கார்ந்து நீட்டுகிற அதே கை. முகம் மட்டும் கவுண்டரில் இருந்த முகம் இல்லை, எதையோ பறிகொடுத்த முகம்.

மெக்கானிக் கவரை வெளியே எடுத்தார். நிற்கும் என்றார், நின்றுவிட்டது. எதனால் என்று பந்தயத்தில் பேச்சே இல்லை. சாட்சி இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்த கை எதிரில் இருக்கிறது.

நோட்டு வெளியே வரவில்லை.

“மச்சான்” என்றார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மேட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். “அந்த எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. டயர் போனதால நின்னுடுச்சு. எனக்குக் கேட்ட திக்கல் என் காதுல. நான் சொன்னது தப்பு.”

தொப்பிக்காரர் பிடித்திருந்த கையை விட்டார். கேஷியர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். ஃபோட்டோ எடுத்தவர் ஃபோனைப் பார்த்தார், அழிக்கலாமா வேண்டாமா என்பது போல.

மிச்ச மூன்று சுற்றை அவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். யார் ஜெயித்தது என்று மெக்கானிக்குத் தெரியாது.

கூட்டத்தோடு கூட்டமாகப் புல்வெளிக்கு நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. கேஷியர் வழியில் ஏதாவது சொன்னாரா, சும்மாதான் வந்தாரா, அதுவும் தெரியாது. மெக்கானிக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினார்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே ஓட ஆரம்பித்திருந்தது. அவரே ட்யூன் செய்த எஞ்சின், சத்தமில்லாமல் ஓடும். ஓடுகிற எஞ்சினில் மறுபடி சாவியைத் திருப்பினால் சக்கரப் பல்லும் பல்லும் உரசி எழும் அந்தக் கீச்சு, புல்வெளியில் நாலு வரிசை தள்ளி நின்றவர்களையும் திரும்ப வைத்தது. பட்டறையில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு நல்ல பூசை கிடைத்திருக்கும். மெக்கானிக்குக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த உள்ளங்கையில் ஒரு அதிர்வு தெரிந்தது, அவ்வளவுதான். அதிர்வு என்னவென்று கைக்குப் புரிந்ததும் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

கேஷியர் அவர் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினார். வலது காதருகே குனிந்து, வார்த்தை வார்த்தையாகப் பேசினார்.

“கேக்குதா?”

“இந்தக் காதுல கொஞ்சம்.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நான் கூட்டிட்டுப் போறேன்.”

“சரி.”

“இந்த வண்டியை எத்தனை வருஷமா நீ பாக்கற?”

“இருபத்திரண்டு.”

“எப்பவாவது காசு கேட்டிருக்கியா?”

“உங்ககிட்ட எப்படி மச்சான் கேக்கறது?”

“அதான். கடனை வாங்கிட்டா நீ பில்லு போட ஆரம்பிச்சிடுவன்னுதான் வாங்காம இருந்தேன்.” கேஷியர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்தார். “முதல்ல அப்படி இல்ல. முதல்ல நிஜமாவே இருக்கட்டும்னுதான் சொன்னேன். அப்புறம் பழகிடுச்சு.”

இருபத்திரண்டு வருஷத்து ஆயில், பிளக், பிரேக், இரண்டு கிளட்ச் எல்லாம் ஒரு கணம் மெக்கானிக்கின் மனதில் ஓடியது. பன்னிரண்டாயிரத்தைப் போல எத்தனை மடங்கு என்று கூட்டிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

“நீ தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல மாப்ளே” என்றார் கேஷியர். “எங்க ஆபீஸ் ஆளுங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.” கையை நீட்டினார். விரல்கள் விரிந்திருந்தன. “எண்ணு.”

“பந்தயம் செல்லாதே, நான் சொன்னது தப்பாச்சே.”

“பந்தயத்துக்கு யார் கேட்டா? எண்ணுன்னா எண்ணு.”

“அந்த ரேஸ் பேச்சு?”

“இன்னிக்குதான் ரேஸுக்கு வந்துட்டேனே. இனிமே எதைச் சொல்றது?”

மெக்கானிக் கவரைக் கிழித்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்தார். தன் வாயால் எண்ணுவது தனக்கே சரியாகக் கேட்காததால் மச்சானின் உதட்டைப் பார்த்தபடி எண்ணினார். ஏழாவது நோட்டைக் கேஷியர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நல்ல நோட்டுதானா என்று பார்த்தார். மெக்கானிக் அது முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். முழங்கால் ஆடவில்லை. பின்னால் ஹாரன் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது, கேஷியர் ஒரு தரம் திரும்பி முறைத்துவிட்டு மறுபடி கையை நீட்டினார்.

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்துமூன்று.

கடைசி நோட்டின் ஓரத்தை மெக்கானிக் விரலால் நீவி, மற்றவற்றின் மேல் நேராக வைத்தார். “இருபத்துநாலு” என்று மச்சானின் உதடு அசைந்தது.